வீடியோ கேமராவால் வண்டிகளை எண்ணுதல்: நிலைப்பாட்டு அறிக்கை

சாலையில் எத்தனை வண்டிகள் எந்த வேகத்தில் போகின்றன என்று தெரியாமல் சிக்னலுக்கு நேரம் வகுக்க முடியாது. ஓரத்தில் ஆளை உட்காரவைத்து எண்ணுவது பழைய வழி. தார்ச்சாலையைக் கீறிக் கம்பிச்சுருள் புதைத்து, மேலே வந்து நிற்கும் உலோகத்தை உணர்வது இன்னொரு வழி. இந்திய நகரங்களில் அந்தச் சுருள் நிலைப்பதில்லை. குழாய்க்குத் தோண்டும்போதும், மேல்தாரைச் சுரண்டும்போதும் அறுந்துபோகிறது. அறுபடாமல் இருந்தாலும், ஒட்டி நிற்கும் மூன்று பைக்குகளை அது தனித்தனியே பிரித்தறியாது. ஆகவே கேமராவால் எண்ணுவதை இந்த அறிக்கை ஆதரிக்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு.

1980களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பனோஸ் மைக்கலோபூலஸ் குழு உருவாக்கிய ஆட்டோஸ்கோப் என்னும் கருவி, கேமராப் படத்தின் மேல் கற்பனைக் கோடு வரைந்து, அதைக் கடக்கும் வண்டியை எண்ணியது. இன்றைய மென்பொருள் ஒவ்வொரு வண்டியையும் இனம் கண்டு பின்தொடர்கிறது. சிக்கல் இனம் காண்பதில்தான். இத்தகைய மென்பொருளைப் பழக்க உலகெங்கும் பயன்படும் கோகோ படத்தொகுப்பின் 80 வகைகளில் கார், பஸ், பைக் உண்டு, ஆட்டோ இல்லை. இது சிறிய குறையல்ல. இந்தியச் சாலைப் பேராயத்தின் 1990ஆம் ஆண்டு நகர்ப்புற வழிகாட்டி, ஓர் ஆட்டோவை 1.2 முதல் 2 கார் வரை கணக்கில் கொள்கிறது, பைக்கை 0.5 முதல் 0.75 வரை. ஆட்டோவைக் கார் என்று பதிந்தால், நெரிசல் கணக்கே குறைந்துவிடும். ஹைதராபாத், பெங்களூரு சாலைப் படங்களைக் கொண்டு உருவான இந்திய ஓட்டுநர் தரவுத்தொகுப்பில் ஆட்டோ தனி வகையாகவே உள்ளது. இங்கு வாங்கப்படும் மென்பொருள் அத்தகைய படங்களில் பழகியதாக இருக்க வேண்டும்.

கேமராக் கம்பம் தாழ்ந்திருந்தால் பஸ்ஸின் பின்னால் வரும் பைக்குகள் மறைந்துபோகும். மழை இரவில் ஈரச்சாலையில் விழும் முகப்புவெளிச்சமும் வண்டியாகப் பதிவாகலாம். எனவே சோதனையை வெயில் நாளோடு நிறுத்தாமல், மழையிலும் இரவிலும் ஆள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். நடந்து கடப்பவர்களும் எண்ணப்பட வேண்டும். இல்லாவிட்டால் வண்டிக்கே பச்சை நீளும், முதியவர்கள் நடுச்சாலையில் தவிப்பார்கள்.

எண்ணுவதற்கு நம்பர் பிளேட்டோ முகமோ தேவையில்லை. கேமரா உள்ள இடத்திலேயே கணக்கெடுத்து எண்களை மட்டும் அனுப்பினால் போதும். அபராதக் கேமராவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஏ பிரிவு தனியே உள்ளது. எண்ணும் கேமராவை அந்த வேலைக்குத் திருப்பக் கூடாது.

டெண்டர் விடும் மாநகராட்சிகள் இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி, ஒவ்வொரு சந்திப்பின் பிழை அளவையும் மக்கள் பார்க்க வெளியிட வேண்டும்.