வெறுங்கால் நடை: பிள்ளைகளுக்குச் சரி, பாட்டிக்கு?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோரின் புலனக் குழுக்களில் ஒரு செய்தி வலம் வரத் தொடங்கிவிடுகிறது. வெறுங்காலோடு புல்லிலும் மணலிலும் நடந்தால் நீரிழிவு குறையும், கண்பார்வை கூடும், பூமியின் மின்னாற்றல் உடலுக்குள் பாயும் என்பது அதன் சாரம். குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று அனைவரும் செருப்பைக் கழற்றிவிட வேண்டுமாம். இச்செய்தியில் பாதியை நான் மனமார வரவேற்கிறேன். மறுபாதி ஒருவரின் காலையே காவு வாங்கக்கூடியது என்பதால்தான் இதனை எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளைப் பார்ப்போம். முதலாம் ஆண்டு மாணவர்களை உடற்கல்வி வேளையில் திடலுக்கு அழைத்துச் சென்று, காலணியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் புல்தரையின் ஓரத்திலேயே நின்றுவிடுவர். "ஐயா, புல் குத்துது!" என்பார்கள். அடுக்குமாடி வீட்டின் பளிங்குத் தரை, மகிழுந்து, பள்ளியின் சிமெண்டு நடைபாதை. இவற்றைத் தவிர வேறெதையும் தொட்டறியாத பாதங்கள் அவை.

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. குழந்தைப் பருவத்தில் தட்டையாக இருக்கும் பாதத்தில், நடக்க நடக்கத்தான் உள்வளைவு உருவாகிறது. இந்தியாவில் 2,300 சிறுவர்களிடம் மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்ததை அது கண்டறிந்தது. முன்புறம் மூடிய காலணி அணிந்தோரிடமே அது மிகுதி; செருப்பு அணிந்தோரிடம் குறைவு. ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாதுதான். ஆயினும், பிள்ளைகளின் பாதத்திற்கு நாள்தோறும் சற்று விடுதலை வேண்டும் என்ற எண்ணத்திற்கு அது வலுச்சேர்க்கிறது. (நம் நாட்டில் வெள்ளைக் காலணி போய் 2021இல் கறுப்புக் காலணி கட்டாயமானது. நிறம் மாறியது; இறுக்கம் மாறவில்லை!)

சென்ற விடுமுறையில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். நீர் வற்றிய வேளையில் ஈரமணல் அலையலையாய் வரி போட்டுக் கிடந்தது. என் பிள்ளைகள் இருவரும் முதலில் நுனிக்காலில் நடந்தனர். சிறிது நேரத்தில் விரல்களை விரித்து மணலைப் பற்றத் தொடங்கினர். பிறகு ஓடினர். கைப்பேசியை ஒருவரும் கேட்கவில்லை. நடையின் நன்மைக்கு எனக்கு அந்தச் சான்றே போதும். பூமியின் மின்னாற்றல் பற்றிய பேச்செல்லாம் நம்பகமான பெரிய ஆய்வுகளால் நிறுவப்பட்டதன்று. அது இல்லாமலேயே இந்நடை நல்லதுதான்.

ஆனால், என் தாயாரை நான் செருப்பைக் கழற்ற விடவில்லை. அவருக்கு நீரிழிவு. "தோட்டத்துல செருப்பா போட்டோம்? அப்பெல்லாம் நல்லாத்தானே இருந்தோம்," என்று குறைபட்டுக்கொண்டார். இந்த வாதம் நம் வீடுகளில் அடிக்கடி ஒலிப்பது. ஆகவே சற்று விரிவாகவே மறுமொழி கூறுகிறேன்.

தோட்டத்தில் நம் முன்னோர் வெறுங்காலோடு பால்மரம் வெட்டியது உடல்நலத்திற்காக அன்று. காலணி வாங்க வழியில்லாமல். கழிப்பிட வசதியற்ற அந்த மண்ணில் கொக்கிப்புழுவின் நுண்புழுக்கள் பெருகின. அவை பாதத்தின் தோலைத் துளைத்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, பின்னர் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சின. சோகை பிடித்துச் சோர்ந்தவர்களை அக்காலத்தில் சோம்பேறிகள் என்று ஏசியவர்களும் உண்டு. அந்த வெறுங்காலையா நாம் இன்று பெருமையாகப் பேசுவது?

நீரிழிவுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனங்களிலும் இதுவே மிக அதிகம். நீரிழிவு நெடுங்காலம் நீடித்தால் பாத நரம்புகள் உணர்விழக்கும். நண்பகல் மணலின் சூடு தெரியாது. கிளிஞ்சல் கிழித்தாலும் தெரியாது. அந்தச் சிறு புண் ஆறாமல் அழுகி, விரலையோ காலையோ அகற்றும் நிலைக்குக் கொண்டுசெல்லலாம். உணர்விழந்த பாதம் உடையோர் வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கலாகாது என்றே மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. ஈரமண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோடோசிஸ் எனும் கொடிய நோயும் நீரிழிவு உள்ளோரையே அதிகம் தாக்குகிறது. அப்படிப்பட்டவர்களிடம், "புல்லில் நடந்தால் சர்க்கரை இறங்கும்" என்று செய்தி அனுப்புவது அன்பாகாது.

பிள்ளைகளுக்கும் இடம் பார்த்துத்தான் அனுமதி தரவேண்டும். பூனைகள் திரியும் மரநிழல் மணலைவிட, கடலலை கழுவிச் செல்லும் ஈரமணல் மேலானது. அருவிக்கரைகளில் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உண்டு; காலில் கீறலோடு அங்கே இறங்க விடாதீர்கள். உடைந்த கண்ணாடி பற்றிச் சொல்லத் தேவையில்லை, நம்மவர் விட்டுச்செல்லும் புட்டிகளை நாம் அறிவோம்.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பியதும், பிள்ளைகளின் பாதங்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவினோம். பிறகு என் மூத்த மகன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, பாட்டியின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்துச் சொன்னான். இப்போது வீட்டில் அது அவனுடைய அன்றாட வேலை.

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் சுற்றுலாவுக்கான அறிக்கையில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: பிள்ளைகளுக்கு ஈரமணலில் அரைமணி நேர வெறுங்கால் நடை, உடன் வரும் தாத்தா பாட்டிகளுக்குப் பாதம் மூடிய, மெத்தென்ற காலணி. உங்கள் பள்ளிகளிலும் இதனைப் பேசிப் பாருங்கள்.