ரிமோட் அம்மா கையில்

செமஸ்டர் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கே என் போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போச்சு. கடைக்காரர் ஒரு வாரம் ஆகும்னு சொல்லிட்டார். அப்புறம் என்ன, ஏழு நாளும் வீட்டு ஹால்ல இருக்குற டிவிதான் கதி. ரிமோட் அம்மா கையில். இந்த ஒரு வாரத்துல நான் பார்த்ததையும் யோசிச்சதையும் உங்ககிட்ட சொல்லணும்னு தோணுது. நீங்களும் லீவுக்கு வீட்டுக்குப் போய், டிவி சத்தம் தாங்காம ரூம் கதவைச் சாத்திக்கிற ஆள்தானே?

முதல் நாள் கிண்டல் பண்ணியே பொழுது போச்சு. ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னா, சுத்தி நிக்கிற எட்டு பேர் முகத்தையும் மூணு மூணு தடவை காட்டுறாங்க. அம்மா ஒண்ணும் சொல்லலை. சத்தத்தை மட்டும் ரெண்டு புள்ளி கூட்டி வச்சாங்க.

ரெண்டாவது நாள் கைக்கடிகாரத்தை வச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டேன். அரை மணி நேர சீரியலில் விளம்பரம் 6 நிமிடம். பாட்டும் முன்கதையும் 3 நிமிடம். அதிர்ச்சி முகங்கள் 4 நிமிடம். மிச்சம் 17 நிமிடம்தான் கதை. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாதுன்னு 1994-ம் வருட கேபிள் டிவி விதிகளில் இருக்கு. விளம்பரத்துக்கு அப்படி ஒரு விதி இருக்கு, அதிர்ச்சி முகத்துக்குத்தான் எந்த விதியும் இல்லை!

மூணாவது நாள் அப்பா முறை. செய்தி விவாதம். நாலு பேர் ஒரே நேரத்தில் பேச, நடுவில் நெறியாளர் அவங்களைவிடச் சத்தமாப் பேசுறார். அப்பா மியூட் போட்டுட்டு, கீழே ஓடுற எழுத்தை மட்டும் படிக்கிறார். "ஏம்பா இப்படி?"ன்னு கேட்டேன். "விஷயம் கீழேதான் ஓடுது, மேலே சண்டைதான் ஓடுது"ன்னார்.

வியாழக்கிழமை நான் அறிவைக் காட்டப் போய் மாட்டிக்கிட்டேன். டிஆர்பி எப்படி வருதுன்னு அம்மாவுக்கு விளக்கினேன். நாட்டில் இருக்குற எல்லா டிவியையும் யாரும் எண்ணுறது இல்லை. பார்க் என்ற அமைப்பு மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் மட்டும் மீட்டர் வைக்குது. அந்த வீட்டில் யார் டிவி முன்னாடி உட்கார்ந்தாலும் தனக்குரிய பட்டனை அழுத்தணும். அந்தக் கணக்கை வச்சுத்தான் மொத்தப் பேரையும் மதிப்பிடுறாங்க. நம்ம புள்ளியியல் பாடத்துல வர்ற அதே சாம்பிளிங்தான்.

அம்மா கொஞ்சம் யோசிச்சுட்டுக் கேட்டாங்க: "அப்போ நம்ம வீட்ல யார் பார்க்குறா, யார் பார்க்கலைன்னு யாருக்கும் தெரியாது?"

"தெரியாதும்மா."

"அது எனக்கு முன்னாடியே தெரியும் தம்பி"ன்னு சொல்லிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க. அன்னைக்கு எனக்கு அது புரியலை.

வெள்ளிக்கிழமை அப்பா 'ஒலியும் ஒளியும்' கதை சொன்னார். சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் வந்தது. ஆனா அப்பா சின்ன வயசுல அவங்க தெருவுக்கே ஒரு டிவிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டு ஜன்னல்ல தொங்கிக்கிட்டே பாட்டுப் பார்ப்பாங்களாம். இப்போ வீட்ல மூணு பேருக்கு நாலு ஸ்கிரீன். பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருந்தாலும் ஆளுக்கொரு சிரிப்பு.

சனிக்கிழமை ராத்திரி ஏழே முக்காலுக்கு, சீரியல் முக்கியமான கட்டத்துல கரண்ட் போச்சு. வீடு அப்படியே அமைதி ஆயிடுச்சு. சுவர்க் கடிகாரம் ஓடுற சத்தம் கேட்குது. "இந்தச் சத்தம்தான் எனக்குப் பிடிக்கலை"ன்னாங்க அம்மா. "நீ ஹாஸ்டல் போனதுக்கப்புறம், அப்பா கடை சாத்திட்டு வர ஒன்பதரை ஆகுது. ஆறு மணிக்கே டிவியைப் போட்டுடுவேன். பாதி நேரம் பார்க்குறதே இல்லை. அடுப்படியில இருந்துக்கிட்டு பேச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

எனக்குப் பதில் வரலை. ஹாஸ்டல்ல 'எங்கம்மா ஒரு சீரியல் பைத்தியம்'னு எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கேன்!

சீரியல் எல்லாம் நல்லா இருக்குன்னு நான் சொல்ல வரலை. வேலைக்குப் போற பொண்ணு திமிர் பிடிச்சவ, அழுறவதான் நல்லவ, அடிச்ச புருஷனை மன்னிக்கிறவ தெய்வம். இதையெல்லாம் நாம கண்டிப்பாத் திட்டணும். ஆனா எழுதுறவங்களைத் திட்டணும், பார்க்குறவங்களை இல்லை. அம்மா ஒண்ணும் வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்க்குறது கிடையாது. "இவ ஏன் போலீஸ்ல சொல்ல மாட்டேங்குறா? இத்தனை வீடு இருக்கு, தனியா வந்து இருக்க வேண்டியதுதானே?"ன்னு ஒவ்வொரு நாளும் திரைக்கதையைக் கிழிச்சுத் தொங்கவிடுறாங்க. கேட்கத்தான் பக்கத்துல ஆள் இல்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரி எட்டு எபிசோட் வெப் சீரிஸ் ஒரே மூச்சில் பார்க்குற நமக்கு, அவங்களைப் பைத்தியம்னு சொல்ல என்ன தகுதி இருக்கு?

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போனா, ஒரு நாள், அரை மணி நேரம், போனை வேற ரூம்ல வச்சுட்டு அவங்க பக்கத்துல உட்காருங்க. கிண்டல் பண்ணுங்க, தப்பில்லை. ஆனா அவங்களோட சேர்ந்து கிண்டல் பண்ணுங்க.

ஞாயித்துக்கிழமை போன் ரெடியாகி வந்துடுச்சு. 200-க்கு மேல மெசேஜ். எதுவும் அவசரமில்லை. நாளைக்கு சாயங்காலம் எனக்கு பஸ். கரண்ட் போனதால அந்தப் பொண்ணு கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் போனாளா இல்லையான்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியலை. திங்கட்கிழமை எபிசோட் வரும்போது நான் பஸ்ல இருப்பேன். எட்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்கணும்.