பந்தல் கழற்றிய பிறகு மைதானத்தில் யார்?

தை, மாசி மாதங்களில் மன்னார்த் தீவுக்குள் வந்தால், எந்தப் பாடசாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி என்று யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. ஒலிபெருக்கியே சொல்லிவிடும். பாண்ட் வாத்தியம், அணிநடை, இல்ல அலங்காரம், பிரதம விருந்தினருக்கு மாலை, கடைசியில் பழைய மாணவர் ஓட்டம். மறுநாள் பந்தலைக் கழற்றும்போது பல பாடசாலைகளில் அந்த ஆண்டுக்குரிய விளையாட்டையும் சேர்த்தே கழற்றிவிடுகிறார்கள். வலயப் போட்டிக்குத் தெரிவான சிலர் மட்டும் மைதானத்தில் மிஞ்சுவார்கள்.

விளையாட்டு பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை தரும் என்று பேசாத பிரதம விருந்தினர் இல்லை. பொய்யில்லைத்தான். ஆனால் எந்தப் பிள்ளைக்கு? இல்லம், வலயம், மாகாணம், தேசியம் என்று மேலே போகும் எங்கள் ஏணியில் ஒவ்வொரு படியிலும் பெரும்பான்மையை இறக்கிவிடுவதுதான் நடக்கிறது. முதற் சுற்றிலேயே இறங்கியவருக்கு அடுத்த மாசி வரை வேலையில்லை.

மன்னாரின் உதைபந்தாட்டம் இதற்கு ஒரு விதிவிலக்கு. பேசாலை, வங்காலை, தாழ்வுபாடு, பனங்கட்டுக்கொட்டு என்று கரையோரக் கிராமங்களில் பந்து பாடசாலைக்கு முன்பே பிள்ளையின் காலுக்கு வந்துவிடுகிறது. பாடசாலை அணியில் இடம் கிடைக்காதவன் மாலையில் ஊர்க் கழகத்தில் விளையாடுவான். அங்கே அண்ணன்மார் இருக்கிறார்கள், திட்டுவார்கள், சொல்லியும் கொடுப்பார்கள். மன்னார் புனித சவேரியார் ஆண்கள் பாடசாலையின் அணி மாவட்டத்துக்கு வெளியிலும் பேசப்படுவதற்கு, பாடசாலைப் பயிற்சிக்குப் பின்னால் இருக்கும் இந்த ஊர் மைதானங்களும் ஒரு காரணம்.

பனங்கட்டுக்கொட்டைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ் இலங்கைத் தேசிய அணியின் பின்கள வீரராக விளையாடி, மாலைதீவின் வலென்சியா கழகம் வரை போனவர். 2022 பெப்ரவரியில் மாலைதீவில் அவர் இறந்த செய்தி வந்தபோது இந்தக் கரையே துக்கத்தில் இருந்தது. நாட்டின் சீருடை தங்கள் ஊரிலிருந்து எட்டக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இங்குள்ள பொடியன்களின் கண்முன் இருந்த சாட்சி அவர். அடுத்த ஆண்டு ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. கொழும்பில் நிர்வாகிகள் அடிபட்டதற்கு மன்னார்ப் பொடியனின் ஏணியிலும் மேற்படி உடைந்தது.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குப் பின்னால் ஊர்க் கழகம் இருப்பது அரிது. வலைப்பந்தோ எல்லேயோ உதைபந்தோ, எல்லாம் பாடசாலைக்குள்தான். உடற்கல்வி ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் அணியே கலைந்துவிடும். மறுபக்கத்தில், ஒரு பாடசாலை பல ஆண்டுகள் விடாமல் நின்றால் என்ன நடக்கும் என்பதற்குத் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி இருக்கிறது. அதன் பெண்கள் உதைபந்தாட்ட அணி நாடறிந்தது. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்த அனித்தா ஜெகதீஸ்வரன் அங்கு படித்தவர். யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம் 2019 உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில் 348 கோல்கள் போட்டு முதலிடம் பெற்றார். சிறுவயதில் அவரைக் கேலிக்குள்ளாக்கிய உயரம்தான் வலைப்பந்துக் களத்தில் அவருடைய பலமானது. தன்னம்பிக்கை என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, வீடுகளில் கேட்கும் கேள்விக்கு வருவோம்: "ஓடித் திரிந்தால் சோதினை என்னாகும்?" பத்தாம் ஆண்டுக்கு மேல் சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரு தெரிவுப் பாடம் மட்டுமே. சாதாரண தர ஆண்டு வந்ததும் பயிற்சியை நிறுத்தி ரியூசனுக்கு அனுப்புவது எழுதப்படாத சட்டம். சுவீடனின் புங்கெஃப்ளோ என்ற இடத்தில் 1999இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. ஒரு பகுதி மாணவருக்கு ஒன்பது ஆண்டுகள் தினமும் உடற்கல்வி, மற்றவர்களுக்கு வழமைபோல் வாரம் இரண்டு பாடவேளை. முடிவில் உயர்நிலைக் கல்விக்குத் தகுதி பெற்றோர் முதற் பகுதியில் 96 வீதம், மற்றதில் 89 வீதம். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது ஆண் பிள்ளைகளிடத்தில். சுவீடன் மன்னார் அல்லத்தான். ஆனாலும் விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பவர்கள்தான் இனி ஆதாரம் காட்ட வேண்டும். இடைவிலகும் நிலையில் நிற்கும் மீனவக் குடும்பத்துப் பொடியனைப் பாடசாலைக்குக் கொண்டுவருவது சில வேளை அந்த அணியின் சீருடை மட்டும்தான். அதைக் கழற்றச் சொன்னால் அவன் ரியூசனுக்குப் போவதில்லை, வள்ளத்துக்குப் போகிறான்.

தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறு விசேட ஒதுக்கீடு உண்டு. உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமை இருந்தால்தான் அதுவும். பல வீடுகளுக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது.

மற்றத் தடைகள் மிகச் சாதாரணமானவை. பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. பயிற்சிக்கு நின்றால் கிராமத்துக்குப் போகும் பஸ் போய்விடும். காலையில் சாப்பிட்டது காலையோடு சரி. 2024 மார்ச்சில் விரிவாக்கப்பட்ட பாடசாலை மதிய உணவுத் திட்டம் பிரதானமாக ஆரம்பப் பிரிவுக்கானது. பதினைந்து வயதில் 1500 மீற்றர் ஓடும் பிள்ளை வெறும் தேத்தண்ணியோடுதான் ஓட வேண்டும். மாகாணப் போட்டி யாழ்ப்பாணத்தில் என்றால் நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம், இரவு தங்கல், பெண் பிள்ளைகளென்றால் கூடப்போக ஓர் ஆசிரியை. இந்தச் செலவில் ஒரு பங்கு பெற்றோரின் தலையில் விழுகிறது. வென்ற பிள்ளை வீட்டுக்கு வந்து, வராமலே விடுகிறேன் என்று சொல்வது இந்த இடத்தில்தான்.

இல்ல அலங்காரத்துக்குப் போகும் தகரம், துணி, வர்ணம், கூலி எல்லாவற்றையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். அதில் பாதியில் ஓர் அணிக்கு ஒரு தவணைக்கு மாலைச் சாப்பாடும் வான் கூலியும் தேறாதா? நான் அலங்காரத்துக்கு எதிரியல்ல, சின்ன வயதில் தென்னோலை பின்னியவள்தான்.

மன்னார், மடு ஆகிய இரண்டு கல்வி வலயங்களும் ஆண்டுதோறும் பதக்கக் கணக்கை வெளியிடுகின்றன. இன்னொரு கணக்கும் வேண்டும்: மார்ச்சுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது மைதானத்தில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், பதினோராம் ஆண்டு மாணவர் எத்தனை பேர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எந்தப் பெற்றோரும் எழுந்து இதைக் கேட்கலாம்.