தானம் விற்பனையாகாதிருக்க

ஆண்டுதோறும் ஆகஸ்டு 3ஆம் நாள் இந்திய உறுப்பு தான நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அமைச்சர்கள் உறுதிமொழி வாசிக்கின்றனர். இறந்தபின் உறுப்புகளை வழங்க மக்கள் முன்வர வேண்டும் என வேண்டுகோள் விடுக்கின்றனர். வேண்டுகோள் நியாயமானதே. ஆனால், நம் நாட்டில் உறுப்பு மாற்று சிகிச்சையின் பாரத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் இறந்தவர்கள் அல்லர், உயிரோடிருப்பவர்களே. 2023ஆம் ஆண்டில் நடைபெற்ற 18,378 உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளில் 15,400க்கும் மேற்பட்டவை உயிருள்ள கொடையாளர்களின் சிறுநீரகத்தையோ கல்லீரலின் ஒரு பகுதியையோ பெற்று நடந்தவை. அதாவது, ஆறில் ஐந்து. இந்த உயிருள்ள மனிதர்கள் யார், எந்த நிலைமையில் தம் உடலின் ஒரு பகுதியைக் கொடுக்கின்றனர் என்ற கேள்வியை எந்த உறுதிமொழியும் எழுப்புவதில்லை. கொரோனா பெருந்தொற்றுக் காலம் அக்கேள்விக்கு விடையளித்தது.

2019இல் நாட்டில் 12,666 உறுப்பு மாற்று சிகிச்சைகள் நடந்தன. 2020இல் இது 7,443 ஆகச் சரிந்தது. ஓராண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் குறைந்துபோயின. இதற்கு மருத்துவக் காரணங்கள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. மாற்று உறுப்பைப் பெறுபவரின் உடல் அதனைப் புறந்தள்ளாதிருக்க நோயெதிர்ப்பாற்றலை மருந்துகளால் அடக்கியே வைக்க வேண்டும். தொற்றுக்காலத்தில் அது பேராபத்து. கொடையாளரோ நோயற்றவர், தம் உடலுக்கு எந்த நன்மையும் பயக்காத அறுவை சிகிச்சைக்காகத் தொற்று நிறைந்த மருத்துவமனைக்குள் அவரை அழைப்பது அறமாகுமா என மருத்துவர்கள் தயங்கியதும் சரியே. ஆயினும் சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் காத்திருப்பு என்பது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ். அதற்கும் பேருந்து வேண்டும், படுக்கை வேண்டும், பணம் வேண்டும்.

மைசூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். குடகு, மாண்டியா, சாமராஜநகர் மாவட்டங்களின் ஏழை மக்கள் உயர் சிகிச்சைக்கு நாடி வருவது மைசூருக்கே. 2020 மார்ச் 24 அன்று இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் நஞ்சன்கூடு மருந்துத் தொழிற்சாலை தொற்று மையமாக மாறியது. கிருஷ்ணராஜசாகர் சாலையில் அமைந்த புதிய மாவட்ட மருத்துவமனை முழுமையாகக் கொரோனா மருத்துவமனையாக்கப்பட்டது. தொற்றாளர்களுக்கு அது தேவைதான். ஆனால் பேருந்துகள் நின்றுபோன நிலையில் காட்டோரக் கிராமங்களின் சிறுநீரக நோயாளிகள் எப்படி நகரம் வந்து சேர்வார்கள் என்பதற்கு அரசிடம் திட்டம் இல்லை. 2021 மே மாதத் தொடக்கத்தில் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில், ஆக்சிஜன் பற்றாக்குறைக்கு நடுவே, ஒரே நாளில் 24 நோயாளிகள் மாண்டனர். மைசூரிலிருந்து சிலிண்டர்கள் வந்தனவா, வரவில்லையா என்று இரு மாவட்ட நிர்வாகங்கள் வழக்காடிக்கொண்டிருந்தன. மூச்சுக்காற்றையே உறுதிசெய்ய இயலாத பொது சுகாதாரக் கட்டமைப்பு, மாற்று சிறுநீரகத்தை எப்படி உறுதிசெய்யும்?

அதே 2021இல் உலகம் இரு காட்சிகளைக் கண்டது. ஏப்ரலில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில், கொரோனாவால் நுரையீரல் சிதைந்த ஒரு பெண்ணுக்கு அவரது கணவரும் மகனும் தத்தம் நுரையீரலின் பகுதிகளை வழங்கினர். உயிருள்ளவர்களின் நுரையீரல் கொரோனா நோயாளிக்குப் பொருத்தப்பட்டது உலகிலேயே அதுதான் முதல்முறை. மனித அன்பும் அறிவியலும் கைகோத்தால் எதுவரை செல்லும் என்பதற்கு அது சான்று. மூன்றே மாதங்களில், ஜூலையில், அசாமின் மோரிகாவ் மாவட்டம் தரம்துல் கிராமத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. பொதுமுடக்கத்தில் வேலையிழந்து, நுண்கடன் தவணை கட்ட வழியற்ற ஏழைகள் இடைத்தரகர்கள் வழியே சிறுநீரகத்தை விற்றிருந்தனர். கத்தியும் தையலும் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். அங்கே கொடுக்க வைத்தது பாசம். இங்கே விற்க வைத்தது கடன்.

இது அசாமின் தனிக்கதையன்று. 1980களிலேயே சென்னை வில்லிவாக்கம் சிறுநீரக விற்பனையால் பெயர் கெட்டது. 2004 சுனாமியில் வாழ்விழந்து எர்ணாவூர் மறுவாழ்வுக் குடியிருப்பில் தங்கவைக்கப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகங்களை விற்ற கொடுமை 2007இல் வெளிவந்தது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தின் விசைத்தறித் தொழிலாளர்கள் அதே பட்டியலில் சேர்ந்தனர். இரண்டு தனியார் மருத்துவமனைகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. சிறப்புப் புலனாய்வுக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டது. கடல் பொங்கினாலும், தொற்று பரவினாலும், தறி நின்றாலும் விலை பேசப்படுவது உழைப்பாளியின் உடலே. உழைப்புச் சக்தியை விற்று வாழ்பவனுக்கு அதை வாங்க ஆளில்லாதபோது, விற்பதற்கு மிஞ்சுவது சதை மட்டுமே.

சட்டம் இல்லாமலில்லை. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடைசெய்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வணிகத்தில் ஈடுபடுவோருக்கு 5 முதல் 10 ஆண்டுவரை சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால், நெருங்கிய உறவினர் அல்லாதவரும் 'பாசம் அல்லது பற்று' காரணமாக, அங்கீகாரக் குழுவின் ஒப்புதலோடு, உறுப்பு வழங்கலாம். உண்மையான நண்பர்களுக்குத் தேவையான இந்த வாயில் வழியாகவே இடைத்தரகரும் நுழைகிறார். பணம் பெற்றவரும் சட்டத்தின் முன் குற்றவாளியாதலால், ஏமாற்றப்பட்ட ஏழை வாய்திறக்க அஞ்சுகிறார். அந்த அச்சமே தரகரின் முதலீடு.

விற்பனை இல்லாத இடத்திலும் சமத்துவம் இல்லை. 2019 முதல் 2023 வரையிலான ஐந்தாண்டுகளில் உயிருள்ள கொடையாளர்கள் 56,509 பேரில் 36,038 பேர் பெண்கள். உறுப்பு பெற்றோரிலோ ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஆண்கள். தாயும் மனைவியும் கொடுப்பதில் அன்பு இருக்கிறது. 'சம்பாதிப்பவன் உடம்பு கெடக்கூடாது' என்ற குடும்பக் கணக்கும் இருக்கிறது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் ஒப்புதல் முழுமையானதாகாது.

தட்டுப்பாட்டைத் தீர்க்க விற்பனையையே சட்டபூர்வமாக்கலாம் என்று சந்தைவாதிகள் சிலர் ஈரானை எடுத்துக்காட்டுகின்றனர். அவர்களுக்கு நம் நாட்டு இரத்த வங்கிகளின் வரலாறே பதில். பணத்துக்கு இரத்தம் விற்கும் முறைக்கு உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு முடிவுகட்டியது. 1998 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. இரத்தமின்றி நோயாளிகள் மடிவர் என்று அன்றும் அச்சுறுத்தினர். அந்த இடத்தை நிரப்பியவர்கள் தன்னார்வக் கொடையாளர்கள். அவர்களில் நம் இளைஞர்களும் மாணவர்களும் உண்டு. இரத்தம் தானாக ஊறும், சிறுநீரகம் ஊறாது என்பது உண்மை. ஆகவேதான் இங்கே சந்தைக்கு இன்னும் குறைவான இடமே இருக்க வேண்டும்.

எனவே நாம் வலியுறுத்துவன: மைசூர் உள்ளிட்ட அரசு மருத்துவக் கல்லூரிகள் அனைத்திலும் முழுமையான உறுப்பு மாற்றுப் பிரிவுகள் நிறுவப்பட வேண்டும். மாற்று உறுப்பு பெற்றோருக்கு வாழ்நாள் மருந்துகள் இலவசமாக வழங்கப்பட வேண்டும். உறுப்பு வழங்கும் மத்திய அரசு ஊழியருக்கு 2023 முதல் 42 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. தறித் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அதே நாட்களுக்கான ஊதிய ஈடும், தொடர் மருத்துவக் கண்காணிப்பும் வேண்டும். ஒப்புதல் அளிக்கும் குழுக்கள் கொடையாளரின் கடன் நிலையை ஆராய வேண்டும். பெண் கொடையாளரைக் குடும்பத்தாரின்றித் தனியே விசாரிக்க வேண்டும். உறுப்பை விற்க நேர்ந்த ஏழையைப் பாதிக்கப்பட்டவராகவே சட்டம் நடத்த வேண்டும். பேரிடர் காலங்களில் நுண்கடன் வசூல் நிறுத்தப்பட்டு, அக்காலத்து வட்டி தள்ளுபடி செய்யப்பட வேண்டும். அடுத்த பெருந்தொற்றில் டயாலிசிஸ், உறுப்பு மாற்று நோயாளிகளுக்குத் தொற்றில்லாத தனிப் பிரிவும் போக்குவரத்தும் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டும். பொது சுகாதாரத்துக்கு 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடு என 2017ஆம் ஆண்டு சுகாதாரக் கொள்கை அளித்த வாக்குறுதி நிறைவேறவில்லை. அது நிறைவேறாமல் இவற்றில் எதுவும் நடவாது.

தோழர்களுக்கும் பணி உண்டு. இறந்தபின் உறுப்புகளை வழங்க நாம் ஒவ்வொருவரும் பதிவு செய்து, குடும்பத்தாரிடம் அதைச் சொல்லிவைப்போம். உயிரற்ற உடலிலிருந்து கிடைக்கும் ஒவ்வொரு சிறுநீரகமும், உயிருள்ள ஓர் ஏழையைத் தேடி வரும் தரகரின் பிடியைத் தளர்த்தும். நம் கிளை இயங்கும் தெருக்களில் எந்த வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது, எங்கே தரகர் வந்துபோகிறார் என்பதை அறிந்திருப்பது கிளையின் கடமை. அந்த வீட்டின் கதவைத் தரகர் தட்டுமுன் நாம் தட்டியாக வேண்டும்.