காற்று அறையில் காற்றில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பாலை முதல் சிறு பட்டறை வரை கம்ப்ரசர் இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் மற்றதெல்லாம் அமைத்து முடித்தபின் மிஞ்சுகிற மூலைதான் பல இடங்களில் அதற்கு அறை. மேலே தகரக் கூரை, சுவரில் ஒரு சிறு ஜன்னல், பக்கத்திலேயே எண்ணெய்ப் பீப்பாய்கள். சித்திரை வெயிலில் அதற்குள் நின்று அழுத்தமானி பார்த்து எழுதும் ஒப்பந்தத் தொழிலாளியின் கதியை முதலாளிமார் விசாரித்ததுண்டா?

கம்ப்ரசர் தின்னும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிவருகிறது. 75 கிலோவாட் இயந்திரம் ஓடும் அறையில் ஒரு கிலோவாட் மின்அடுப்புகள் ஏறக்குறைய 70 எரிவதாக வைத்துக்கொள்ளலாம். இந்தச் சூட்டைக் குழாய் வைத்து வெளியேற்றாவிட்டால், தான் கக்கியதையே இயந்திரம் திரும்ப உறிஞ்சுகிறது. எண்ணெய் கெடுகிறது, குழாயில் கரி படிகிறது, அந்தக் கரி தீப்பற்றவும் கூடும்.

மனிதனைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் மின்சார பில்லையாவது பார்க்கட்டும்! உள்ளே இழுக்கும் காற்றின் சூடு 4 டிகிரி ஏறினால் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது. செய்ய வேண்டியதோ பெரிய வித்தையல்ல. உலைப் புகையும் தூசியும் அண்டாத நிழல் பக்கத்தில், தாழ்வாக, காற்று வர வழி. எதிர்ப்புறம், உயரத்தில், சூடு போக வழி. இயந்திரத்தைச் சுற்றி ஆள் நின்று பழுது பார்க்க ஒரு மீட்டர் இடம். காற்றுத் தொட்டிக்கு வெளியே ஒரு நிழல். கொத்தனாரும் தகர வேலைக்காரரும் போதும்.

1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13வது பிரிவு காற்றோட்டத்தையும், 31வது பிரிவு அழுத்தக் கலன்களின் பாதுகாப்பையும் கட்டாயமாக்கின. மின்சக்தியுடன் 10 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. 15 பேர் பாடுபடும் பட்டறை இனித் தொழிற்சாலை அல்லவாம். அங்குள்ள காற்றுத் தொட்டி மட்டும் வெடிக்காமல் இருந்துவிடுமா? இன்ஸ்பெக்டரும் இப்போது ‘வசதி செய்பவர்’ ஆகியிருக்கிறார். யாருக்கு வசதி?

தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் அக்கினி நட்சத்திரத்துக்கு முன் திருவள்ளூர் மாவட்டத்துக் கம்ப்ரசர் அறைகளைச் சோதனையிட வேண்டும். சிறு பட்டறைகளை மாநில சர்க்கார் மீண்டும் தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்பு விதிகளுக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை ஒவ்வொரு அறையிலும் ஒரு வெப்பமானி தொங்கட்டும். ஷிப்டுக்கு ஒருமுறை எழுதும் கணக்கின் நகல் தொழிற்சங்கத்தின் கைக்கும் வரட்டும்.