மலையோடு பழக நாள் வேண்டும்

1996-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மாவியில் பிறந்து, கால் நூற்றாண்டுக் காலம் அத்தீவையே தாயகமாகக் கொண்டிருந்த எக்ஸ்டெரா என்னும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த உலகப் போட்டி, 2022-இல் வட இத்தாலியின் மோல்வேனோ ஏரிக்கரைக்கு இடம்பெயர்ந்தபோது, வெதுவெதுப்பான சமுத்திரத்தில் தொடங்கிவந்த பந்தயம், பிரெந்தா சிகரங்களின் நிழலில், 800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள குளிர்ந்த நீரில் தொடங்கலாயிற்று. சுமார் 1.5 கிலோமீட்டர் நீச்சல். பிறகு வேரும் கல்லும் நிறைந்த மலைப்பாதையில் 30 கிலோமீட்டர் அளவுக்குச் சைக்கிள். இறுதியில் சுமார் 10 கிலோமீட்டர் ஓட்டம்.

இத்தகைய பந்தயத்துக்கு அந்நிய தேசத்திலிருந்து புறப்படுகிறவர், முதல் நாள் மாலை வந்திறங்கி மறுநாள் காலை நீரில் குதித்துவிடலாம் என்று எண்ணுவாரேயானால், அது தமது தேகத்துக்கும் அம்மலைக்கும் அவர் இழைக்கும் அநீதி என்பதே என் திடமான அபிப்பிராயம். விமானத்துக்காகக் கழற்றிப் பெட்டியில் அடைத்த சைக்கிளைத் திரும்பப் பூட்டுவதற்கே நிதானம் வேண்டும். இடப்பக்கத்துப் பெடலின் மரை மற்றதற்கு நேர்மாறானது என்பதை அவசரத்தில் மறந்து அழுத்தித் திருகினால், கிராங்கின் மரை தேய்ந்து பிரயாணமே வியர்த்தமாகிவிடும். நிர்வாகிகளும் பந்தயப் பாதையைச் சில தினங்கள் முன்னதாகவே திறந்துவைத்து, எளிய தங்குமிடங்களுக்கும் வகை செய்தல் வேண்டும். ஈரமான வேரின்மேல் சக்கரம் எப்படி வழுக்குகிறது என்பதை, வசதி குறைந்த வீரரும் பந்தயத்துக்கு முன்பே, ஒருமுறையாவது மெதுவாக இறங்கிப் பார்த்து அறியட்டும்.