சிப்பிலும் பிழை உண்டு, மறைப்பதுதான் குற்றம்

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களில் பலர், கோளாறு என்றால் அது சாப்ட்வேரில்தான் இருக்கும் அல்லது வைரஸாக இருக்கும், சிப் மட்டும் தவறே செய்யாது என்று நம்புகிறார்கள். இது சரியல்ல. புத்தகத்தின் கடைசியில் 'பிழை திருத்தம்' அச்சிடுவது போல, முன்னணி சிப் நிறுவனங்களும் தங்கள் சிப்களுக்குப் பிழைப் பட்டியல் வெளியிடுகின்றன. இதற்கு எர்ரேட்டா என்று பெயர்.

1994-ல் இன்டெல்லின் பென்டியம் பிராசசர் சில வகுத்தல் கணக்குகளுக்குத் தவறான விடை தந்தது. உள்ளே இருந்த அட்டவணையில் 5 இடங்கள் விடுபட்டதே காரணம். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இதை வெளியே சொன்னார். தேவை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டுமே மாற்றித் தருவோம் என்றது இன்டெல். எதிர்ப்பு வலுக்கவே, டிசம்பரில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர முன்வந்தது. செலவு 47.5 கோடி டாலர்.

இனி இன்னொரு வகை. மவுஸ், கீபோர்டு முதல் வாஷிங் மெஷின் வரை உள்ளே இருப்பது மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறிய சிப். மாணவர்கள் விரும்பி வாங்கும் ராஸ்பெர்ரி பை பிக்கோ 2 போர்டு 2024 ஆகஸ்டில் வந்தது. அதிலுள்ள ஆர்பி2350 சிப்பில் ஒரு பிழை: பட்டனை அழுத்தி விட்ட பிறகும், உள்ளீட்டு பின்னில் சுமார் 2 வோல்ட் தங்கிவிடலாம். சிப்புக்குள் இருக்கும் புல்-டவுன் ரெசிஸ்டர் அதைக் கீழே இழுக்கப் போதாது. பட்டன் இன்னும் அழுத்தப்பட்டிருப்பதாகவே புரோகிராம் நினைக்கும். நிறுவனம் இதை 'இ9' என்று பட்டியலிட்டு மாற்று வழியும் சொன்னது. 8.2 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைவான ரெசிஸ்டரை வெளியே இணைத்தால் போதும். 2025-ல் வந்த ஏ4 பதிப்பில் பிழை சரிசெய்யப்பட்டது.

பிழையே இல்லாத சிப்பை நான் கேட்கவில்லை. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களில் ஏதாவது தவறும். ஆனால் தெரிந்த பிழையைச் சொல்லாமல் விற்பது நியாயமல்ல. பட்டியல் என்ஜினியர்களுக்கு மட்டும் புரிந்தால் போதாது. பணம் கொடுக்கும் நமக்கும் எளிய மொழியில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சரியான புரோகிராமை எழுதிய மாணவன் தன்னையே குறை சொல்லிக்கொண்டு நாட்களை வீணாக்குவான்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுப் பழுதாயின. 2024-ல் இதற்கான மைக்ரோகோட் திருத்தம் பயாஸ் அப்டேட் மூலம் வந்தது. வாரண்டியும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை அப்டேட் குணமாக்காது. எனவே கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால், விண்டோஸை மறுபடி போடுவதற்கு முன் உங்கள் பிராசசர், மதர்போர்டு மாடல்களைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் அறிவிப்பைப் பாருங்கள். பில்லையும் பத்திரமாக வையுங்கள். மாற்றித் தரக் கேட்பது உங்கள் உரிமை.